தம்பி வீட்டுக் கூரைப் பனி

அக்டோபர் 14, ஞாயிறு

முட்டை குறைந்துவிட்டது. வெளிச்சம் குறைகிறது, அதுகளும் குறைத்துக்கொள்கின்றன. திட்ட முடியாது.

கோவிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, கோழிப்பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஓடைப்பக்கக் கம்பங்கள் அடியில் மெத்தென்று இருக்கின்றன, விரல் உள்ளே போகிறது. கோடையில் அவசர அவசரமாக நட்டது. மேலே வெறும் வலை. முதல் ஈரப்பனிக்கே அது தொட்டில் மாதிரித் தொங்கி, கோழிகளின் தலையில் விழுந்துவிடும்.

போன வருஷம் வரை இந்தக் கவலை இல்லை. பட்டி மேட்டில் இருந்தது. வெயில் படும், காற்று படாது. அந்த மேட்டில்தான் இப்போது தம்பி தோவாதெரின் வீடு நிற்கிறது. அம்மா சாகுமுன் மேட்டை அவனுக்கு எழுதினாள். எனக்கு இந்தப் பழைய வீடும் ஓடைச் சரிவும். "அவன் இத்தாலியில கஷ்டப்படுறான்டீ" என்றாள். நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. அவளைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

என் பங்கில் சமதளம் என்று மிஞ்சியது அவன் சுவரை ஒட்டிய ஒரு பட்டை நிலம். அதில்தான் கோழிகள்.

அக்டோபர் 15

கம்பங்களைப் பற்றி கவ்ரிலாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என் வீட்டுக்காரர்.

அக்டோபர் 21

இன்று உதவிக்கு வந்தார். குறை சொன்ன கையோடு இதையும் எழுதவேண்டும். இருவரும் காட்டுக்குப் போய் இளம் தேவதாரு வெட்டி இழுத்து வந்தோம். அடி முனைகளை நெருப்பில் கருக வாட்டினோம். கருகிய மரம் சீக்கிரம் மக்காது. சுத்தியல் அடிக்கும்போதெல்லாம் அவர் "ஊனோ, தூயே, த்ரே" என்று இத்தாலிய மொழியில் எண்ணினார். மர மில் மூடியதிலிருந்து அவருக்கு ஒரே நினைப்புதான். மார்ச்சில் தோவாதெர் தன் பூச்சு வேலைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

"எட்டுக்கு மேல தெரியுமா?" என்று கேட்டேன்.

"எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்க மாட்டாங்க. அது போதும்."

சிரித்துவிட்டேன். ஓடைப்பக்கம் இரண்டு கம்பம் மட்டும் பாக்கி. நாளைக்கு என்றார்.

அக்டோபர் 26

புனித துமித்ரு நாள். மேட்டு மேய்ச்சலில் இருந்த மாடுகளெல்லாம் இறங்கிவிட்டன. இனி எந்த நாளும் பனி வரலாம்.

பட்டிக்குக் கூரை போட்டேன். பழைய களஞ்சியப் பலகைகள், நன்றாகச் சாய்த்து. பலகையின் மேல் பழைய தார்த்தாள். வடக்கேயும் மேற்கேயும் பசுமைக்குடிலில் கழித்த பிளாஸ்டிக் விரிப்பு. மேலே ஒரு கை அகலம் திறந்துதான் விட்டிருக்கிறேன். மூச்சு வெளியே போகாவிட்டால் குளிரைவிட ஈரம் முதலில் கொல்லும். தரையில் காய்ந்த இலை, மரத்தூள், அதன்மேல் வைக்கோல். கிளறுவதற்கு ஏதாவது இருந்தால்தான் அதுகள் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கும். மூலையில் ஒரு பெட்டி நிறைய அடுப்புச் சாம்பல். மண் உறைந்த பிறகு அதில்தான் குளிக்கவேண்டும்.

வர்வாரா வந்து வேலியில் சாய்ந்து நின்றாள். தம்பி வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடையது. மடி நிறைய சூரியகாந்தி விதை. கொறித்துத் துப்பிக்கொண்டே கேட்டாள்.

"யாருக்குடீ சஃப்தா இந்த அரண்மனை?"

"உனக்குத்தான். உள்ள வா, கம்புல ஏறி உக்காரு."

"நான் வரமாட்டேம்மா. மேல பாத்தியா நீ?"

"என்ன மேல?"

"உன் தம்பி கூரை. கண்ணாடி மாதிரித் தகரம், பாதி உன் பக்கம் சாஞ்சு நிக்குது. பனியப் பிடிக்க ஒரு கம்பி வெச்சிருக்கானா பாரு. விழட்டும், விழட்டும். அம்மா வீட்டுச் சீதனம் உனக்கு வண்டி வண்டியா வந்து எறங்கும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அண்ணாந்து பார்த்தேன். சிவப்புத் தகரம், செங்குத்து, வழவழவென்று. எங்கள் ஊரில் பனித்தடுப்பு இல்லாத கூரை என்று இன்னொன்று இல்லை. தபால் ஆபீஸுக்குக்கூட இருக்கிறது. ஆகஸ்டில் அவர்கள் அதைப் போடும்போது நான் கீழே நின்று வேலையாட்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கண் எங்கே போயிற்று?

அக்டோபர் 28

தோவாதெருக்குப் போன் செய்தேன்.

"பனித்தடுப்பா? ஒட்டிலியாவுக்குப் பிடிக்கலக்கா. மூஞ்சில பல்லுக் கம்பி போட்ட மாதிரி இருக்கும்ங்கறா." அவன் பெண்டாட்டி பேச்சு அது.

"உங்க வீட்டு மூஞ்சி என் கோழி மேல விழும்டா."

"கோழியத் தள்ளி வெச்சுக்கோ."

"எங்க தள்ளி வைக்கறது? நீ வீடு கட்டின எடத்துலதான்டா கோழி இருந்துச்சு."

பின்னால் கலவை இயந்திரம் சுற்றுவது கேட்டது. "வசந்தத்துல பாப்போம்" என்றான். இரண்டு ஆண்களுக்கும் ஒரே வார்த்தை.

அக்டோபர் 29

போன் செய்தது கவ்ரிலாவுக்குத் தெரிந்துவிட்டது. தோவாதெரே சொல்லியிருக்கிறான்.

"மார்ச் வரைக்கும் வாய மூடிட்டு இருக்க முடியாதா உன்னால? நாலு மாசம். அவ்வளவுதான் கேக்கறேன்."

மூடிக்கொண்டேன். இதில் எழுதுவது வாய் கணக்கில் வராது.

நவம்பர் 7

உறைபனி. பிளம் மரத்தடியில் புல் நொறுங்குகிறது. இன்றிலிருந்து தம்பி வீட்டு பாய்லர் என் தலையில். வீட்டில் ஒரு ஆள் இல்லை. ஆனாலும் எரியவேண்டும். தரைக்கு அடியில் குழாய் குழாயாகத் தண்ணீர் ஓடுகிறது, உறைந்தால் வெடிக்கும். "தண்ணிய எறக்கிட்டுப் போயேன்டா" என்று செப்டம்பரிலேயே சொன்னேன். புதுப் பூச்சு சூட்டில் காயவேண்டுமாம், கிறிஸ்துமஸுக்கு வந்து இறங்கும்போது கால் வைத்தால் கதகதவென்று இருக்கவேண்டுமாம்.

காலையும் சாயங்காலமும் விறகு. சாயங்காலம் பாய்லரின் சூடு காட்டும் முள்ளையும் கூடத்துச் சூடுமானியையும் படம் எடுத்து அவனுக்கு அனுப்பவேண்டும். நம்பிக்கை இல்லாததால் இல்லை, "ஒரு நிம்மதிக்கு அக்கா" என்றான்.

நவம்பர் 18

கணுக்கால் அளவு பனி. கூட்டுக் கதவைத் திறந்தேன். சேவல் எட்டிப் பார்த்தது, ஒரு காலை வைத்தது, எடுத்தது, என்னைப் பார்த்தது. நான் பெய்யவைத்த மாதிரி! மொட்டைக் கழுத்துக் கோழிகள் வாசலுக்கே வரவில்லை. மண்வாரியால் பாதை ஒதுக்கி வைக்கோல் தூவினேன், அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

கொண்டைகளுக்குப் பன்றிக்கொழுப்பு தடவினேன். தடவாவிட்டால் நுனி கறுத்து உதிரும். நான் பிடித்துத் தடவத் தடவ, கவ்ரிலா கதவருகே நின்று காதுகளை நீட்டினார். "இதுக்கும் கொஞ்சம்."

தடவிவிட்டேன். நாள் முழுவதும் காது பளபளக்கத் திரிந்தார்.

ஓடைப்பக்கக் கம்பங்களைக் கேட்டேன். மண் உறையுமுன் மாற்றிவிடலாம் என்று. "உறையட்டும், அதுவே பிடிச்சுக்கும்" என்றார்.

நவம்பர் 29

புனித அந்திரேய் இரவு வரப்போகிறது. பேய் அண்டாமலிருக்க ஜன்னலுக்கும் கதவுக்கும் பூண்டு தேய்த்தேன், கோழிக்கூட்டுக் கதவுக்கும்.

இன்று கவனித்தேன். குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போவதால் தம்பி வீட்டு நிழல் காலை பத்து மணிக்கே பட்டியை மூடிவிடுகிறது. மதியம் ஒரு கீற்று வருகிறது. கோழிகள் எல்லாம் அந்தக் கீற்றில் ஒட்டி நிற்கின்றன, அது நகர நகர அதோடு நகர்கின்றன. அந்தப் பக்கம், சுவருக்கு உள்ளே, யாருமில்லாத கூடத்தில் இருபத்தொரு டிகிரி. நான் அனுப்பிய படத்தில் இருக்கிறது.

என் சமையலறையில் கோட்டு போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 6

புனித நிக்கொலாய் நாள், பிள்ளைகளுக்குப் பரிசு வரும் நாள். எங்களுக்கும் பரிசு வந்தது. மதியம் களி கிண்டிக்கொண்டிருந்தேன், வெளியே யாரோ பெரிய துணியை இழுத்துக் கிழித்த மாதிரி ஒரு சத்தம், பிறகு தொப்பென்று. ஓடினேன். பட்டியின் மூலை நசுங்கிக் கிடந்தது. ஒரு கைமரம் முறிந்துவிட்டது. கோழிகள் எல்லாம் கூட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று. எதற்கும் ஒன்றுமில்லை. இந்தத் தடவை.

டிசம்பர் 7

ஒன்று புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம்.

காலையில் பாய்லருக்கு விறகு வைத்துவிட்டு வெளியே வந்து ஊரைப் பார்த்தேன். கோவில் கூரையில் பனி அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில், வர்வாரா வீட்டில், எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தம்பி கூரையில் மட்டும் திட்டுத் திட்டாகத் தகரம் தெரிகிறது, ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறது. பரணில் சூட்டைத் தடுக்கும் பஞ்சு போடவில்லை, அதை வசந்தத்துக்கு வைத்திருக்கிறான். சூடு நேராக மேலே போய்த் தகரத்தைத் தொடுகிறது. அடியில் உருகுகிறது, மேலே இருப்பது வழுக்குகிறது.

நான் போடுகிற விறகு. காலையும் சாயங்காலமும் நானே என் கோழிகள் மேல் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

கவ்ரிலாவிடம் சொன்னேன். கூரை ஓரத்தில் நீளமாக ஒரு மரத்தை வைத்து அடித்துவிடுங்கள், போதும் என்றேன்.

"புதுத் தகரத்துல நான் ஆணி அடிக்கணுமா? என்ன பேசற நீ?"

"ஓட்டைய அடைக்கத் தார் இருக்கு."

"அவன் என் மூஞ்சியப் பாக்க மாட்டான், சஃப்தா."

"என் மூஞ்சிய நீங்க பாக்கறீங்களா?"

வெளியே போய்விட்டார்.

டிசம்பர் 9

வாயை மூடும் விரதம் முடிந்தது. மறுபடி தோவாதெருக்குப் போன். பாய்லரைக் குறைத்து வைக்கிறேன், குழாய் உறையாத அளவுக்கு மட்டும் என்றேன். ஒட்டிலியா பக்கத்தில் இருந்தாள் போல, போனை வாங்கினாள்.

"அண்ணி, பார்க்கெட் மரத்தரை போட்டிருக்கு. சூடு ஏறி ஏறி எறங்கினா பலகை வளைஞ்சிடும். தயவு பண்ணி எதையும் தொடாதீங்க. இருபத்திரண்டாம் தேதி நாங்களே வந்துடறோம்."

"கோழிப்பட்டி நசுங்கிடுச்சும்மா."

"ஐயோ பாவம். அங்க கடையில கோழி கிடைக்காதா?"

கிடைக்கும். வெள்ளையாக, தலையில்லாமல், பிளாஸ்டிக் பையில். போனை வைத்தேன்.

டிசம்பர் 12

காலையிலிருந்து பனி. நிற்கவில்லை.

டிசம்பர் 14

இன்னும் நிற்கவில்லை. பாதை ஒதுக்குகிறேன், திரும்பிப் பார்த்தால் பாதை இல்லை. பட்டிக் கூரையைத் துடைப்பத்தால் மூன்று முறை தள்ளினேன். கோழிகளைக் கூட்டிலேயே அடைத்து வைத்திருக்கிறேன். சாயங்காலம் சூடாக வேகவைத்த சோளம், தண்ணீர்ச் சட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி வைத்தேன். இருட்டில் அடைந்து கிடந்து ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிட்டன. ஒன்றுக்கு வாலடியில் ரத்தம். இன்னொரு நாள் தாங்காது.

பாய்லரில் பாதி விறகுதான் வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான்.

படம் அனுப்பிய கையோடு தோவாதெர் கூப்பிட்டான். "ஏன்க்கா முள்ளு நாப்பதுல நிக்குது?"

"விறகு ஈரம்."

டிசம்பர் 15

என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று தம்பி கவ்ரிலாவைக் கூப்பிட்டிருக்கிறான். "அத்தான், நீங்களாவது பாருங்க. உங்கள நம்பித்தான் இருக்கேன்."

உங்களை நம்பி. அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் சொந்தக் கொட்டகையிலிருந்து காய்ந்த, நின்று எரியும் கெட்டி மர விறகாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். பாய்லரை நிரப்பிவிட்டு வந்தார். முள் எழுபதில். படத்தை அவரே அனுப்பினார். அவனிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதை எனக்குக் காட்டினார்.

பனி நின்றுவிட்டது. தெற்கிலிருந்து காற்று. நாளை கோழிகளை வெளியே விடவேண்டும்.

டிசம்பர் 20

ஐந்து நாளாக எழுதவில்லை. ஆனாலும் எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், கடைசியில் நானும் அதை நம்பிவிடுவேன்.

பதினாறாம் தேதி, ஞாயிறு. காற்று வெதுவெதுப்பாக இருந்தது, டிசம்பரில் அப்படி ஒரு காற்று. ஊரெல்லாம் சொட்டியது. நான் கோவிலுக்குப் போகவில்லை. பட்டியைத் திறந்து கோழிகளை விட்டேன். ஓடைப்பக்கக் கம்பம் சாய்ந்திருந்தது, அக்டோபரில் மாற்றவேண்டிய அதே கம்பம். "இன்னிக்காவது முட்டுக் குடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அவர் கட்டையும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்து போனார். நேற்று பாய்லரை நிரப்பியதற்கு அது சமாதானம் என்று எனக்குத் தெரிந்தது. வாளியோடு கிணற்றுக்குத் திரும்பினேன். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தம். ஊனோ. தூயே.

அப்புறம் அந்தச் சத்தம். துணி கிழிகிற சத்தம் இல்லை இந்தத் தடவை. மலை மாதிரி வந்துச்சு. ஒரு பக்கக் கூரை முழுசும், ஐஸும் பனியுமா, மொத்தமா. நான் திரும்பறதுக்குள்ள பட்டியே இல்ல. வெள்ளையா ஒரு மேடு. கத்தினேன், பேர் சொல்லிக் கத்தினேன். கையாலயே தோண்டினேன். வர்வாரா எங்கிருந்து ஓடி வந்தாளோ, மண்வாரியோட வந்தா. முதல்ல கையில கெடச்சது கோழி. தூக்கி எறிஞ்சேன். இன்னொரு கோழி. எறிஞ்சேன். அப்புறம் அவர் பூட்ஸ்.

மூச்சு இருந்தது. நான் போட்ட கூரைப் பலகை ஒன்று அவர் தலைக்கு மேல் சாய்வாக நின்று இடம் விட்டிருந்தது. வலது தோள் மட்டும் கைமரத்துக்கு அடியில்.

ஆம்புலன்ஸால் மேடேற முடியவில்லை, டிராக்டரில் கீழே கொண்டுபோய் ஏற்றினோம். சுச்சாவா ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். தோள் மூட்டு, காறை எலும்பு, மூன்று விலா. பெரிய டாக்டர் நல்ல மனுஷி. உட்காரவைத்துச் சொன்னார். கை வரும், ஆனால் தலைக்கு மேல் தூக்க வராது.

பூச்சு வேலை என்றால் நாள் முழுக்கத் தலைக்கு மேல்தான் கை.

நான் நாலு நாள் அங்கேயே நாற்காலியில் இருந்தேன். போகும்போதே வர்வாராவிடம் மிஞ்சிய கோழிகளையும் பன்றியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனேன். பாய்லர் பற்றிச் சொல்லவில்லை. தம்பி வீட்டுச் சாவி என் மேலங்கிப் பையில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லலாம். இதில் எழுத முடியாது. பையில் கைவிட்டபோதெல்லாம் அது கையில் பட்டது.

திங்கட்கிழமை தோவாதெர் கூப்பிட்டான். வர்வாரா அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். எல்லாம் தெரிந்துதான் கூப்பிட்டான்.

"அக்கா, நீ ஆஸ்பத்திரியிலயா இருக்க? அப்ப பாய்லர்?"

முதல் கேள்வி. எண்ணிப் பார்த்தால் இரண்டாவது. அத்தான் எப்படி இருக்கிறார் என்பது அதற்கு அப்புறம்.

"எரியுதுடா" என்றேன். "நல்லா எரியுது."

அன்று காற்று மறுபடி வடக்கிலிருந்து அடித்தது. ஆஸ்பத்திரி ஜன்னலில் பூப்பூவாகப் பனி படிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்று அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கிறிஸ்துமஸுக்குப் பன்றி வெட்டும் இக்னாத் நாள், ஊரெல்லாம் பன்றி பொசுக்கும் புகை. எங்கள் பன்றி மட்டும் உயிரோடு இருக்கிறது. வெட்ட ஆள் இல்லை.

ஆறு கோழி மிச்சம். சேவல் இல்லை.

டிசம்பர் 22

வந்துவிட்டார்கள்.

கார் கதவு, பைகள், ஒட்டிலியாவின் சிரிப்பு, எல்லாம் இங்கே கேட்டது. பிறகு அவள் வீறிட்டது. நான் போகவில்லை. வர்வாரா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். குளியலறைக் குழாய் வெடித்து, கூடமெல்லாம் ஐஸ். பார்க்கெட் பலகை ஒவ்வொன்றும் படகு மாதிரி வளைந்து நிற்கிறதாம்.

தோவாதெர் உள்ளே வந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எரியுதுன்னியே."

"ஆமா."

"கோழிக்காக... கோழிக்காகவா என் வீட்ட அழிச்ச?"

"உள்ள படுத்திருக்கறது கோழியாடா?"

"கூரையிலேருந்து பனி விழறதுக்கு நான் என்ன பண்ணுவேன்? பனி விழத்தான் செய்யும்! நீ வேணும்னே பண்ணிருக்க. பதிமூணு வருஷம்க்கா. பதிமூணு வருஷம் ஒரு ரூம்ல எட்டுப் பேரோட படுத்துக் கட்டின வீடு."

அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் எழுதமாட்டேன். சின்ன வயதில் விழுந்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். கை நீட்டியிருப்பேன்.

அதற்குள் உள் அறையிலிருந்து கவ்ரிலா கூப்பிட்டார். "தோவாதெர்! இங்க வாப்பா."

வாசலில் போய் நின்றான். கட்டுப் போட்ட தோளோடு இவர் எழுந்து உட்காரப் பார்த்தார். முகமெல்லாம் வியர்வை. "சரியாயிடும்ப்பா. மார்ச்சுக்குள்ள சரியாயிடும். டாக்டரே சொன்னாங்க. இப்பவே விரல் ஆடுது பாரு."

விரலை ஆட்டிக் காட்டினார்.

தோவாதெர் விரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான். அவர் இன்னும் விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 25

அவர்கள் டவுனில் ஓட்டலில் தங்கியிருக்கிறார்களாம். பாட்டுப் பாடும் பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு ஆப்பிள் கொடுத்தேன்.

ஜனவரி 8

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார், அந்தப் பக்கம் படுத்தால் தோள் வலிக்கும், ஆனாலும்.

இன்று சூப் கொடுத்தபோது சொன்னார். "நீ பொய் சொல்லாம இருந்திருந்தா, அவனுக்கு மனசு எரங்கியிருக்கும். மேற்பார்வைக்காவது வெச்சிருப்பான்."

"எனக்கு மனசு எரங்கலயே, அத யாரு கேக்கறது?"

சூப்பைக் குடித்து முடித்தார். ஸ்பூன் இடது கையில். பாதி மேலே சிந்தியது. துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

ஜனவரி 19

ஆறு கோழிகளையும் மாட்டுக்கொட்டகை மூலையில் வைத்திருந்தேன். அங்கே ஈரம், ஒன்று தும்மத் தொடங்கிவிட்டது. தம்பி வீட்டுச் சுவர்ப் பக்கம் இனி வைக்கமாட்டேன். சரிவில், பிளம் மரங்களுக்கு நடுவே புதுப் பட்டி கட்டுகிறேன்.

மண் இரும்பாகக் கிடக்கிறது, குழி தோண்ட வழியில்லை. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்துக் கால் செய்து, கற்களை ஏற்றி, அதன்மேல் கம்பங்களை நிறுத்தினேன். சரிவுப் பக்கம் பலகை அடித்து வைக்கோலால் மட்டம் செய்தேன். நசுங்கிய பட்டியிலிருந்து எடுத்த பலகைகள்தான். ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

நடுவில் திரும்பிப் பார்த்தேன், அவர் கோட்டைத் தோளில் போர்த்திக்கொண்டு வந்து நின்றிருந்தார். பலகையின் மறுமுனையை முழங்காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் அடித்தேன். அவர் எண்ணவில்லை.

பிப்ரவரி 11

தம்பி வீட்டில் ஆட்கள். குழாய் மாற்றுகிறார்கள், தரையைப் பெயர்த்து வெளியே எறிகிறார்கள். அவன் வரவில்லை, போனிலேயே நடக்கிறது.

கூரையிலும் ஏறினார்கள். பனித்தடுப்பு வைக்கிறார்கள்! வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். வாசல் பக்கம் முழுவதும் வைத்தார்கள், கார் நிற்கும் பக்கம். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கம் வழவழவென்று அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 13

வர்வாரா வந்தாள். வேலிக்கு வெளியே நின்றாள், விதை கொறிக்கவில்லை.

"அந்தச் சாவியக் குடுத்துடச் சொன்னான்டீ."

"யார்கிட்ட?"

"என்கிட்டதான். பாய்லரப் பாத்துக்கச் சொல்லிருக்கான்." அப்புறம், நான் கேட்காமலே, "மார்ச்சுல என் பையனக் கூட்டிட்டுப் போறானாம். நான் என்ன பண்ணட்டும் சஃப்தா? நீயே சொல்லு."

என்னத்தைச் சொல்ல? என் புருஷனைத் தோண்டி எடுத்தவள் அவள். சாவியைக் கொண்டுவந்து கொடுத்தேன். முட்டையும் நாலு கொடுத்தேன், வாங்க மறுத்தாள். கையில் திணித்தேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலருகேதான் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 4

காலையில் வேன் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டிப் போய் வர்வாரா வீட்டு முன்னால் நின்றது. அவள் பையன் பெட்டியோடு ஏறினான். இவர் அப்போது முகம் மழித்துக்கொண்டிருந்தார், இடது கையால். நிறுத்தவில்லை. வேன் வளைவு திரும்பும் சத்தம் அடங்கிய பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி, "சேவல் ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"சந்தை வியாழக்கிழமை" என்றேன்.

மார்ச் 10

வெயில். தெற்குச் சரிவில் மண் தெரிகிறது. கோழிகளைப் பட்டிக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே பழைய வைக்கோலை வாரிக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து கீழே மக்கி, வெதுவெதுவென்று, நல்ல உரமாக இருக்கிறது.

மேட்டில் தம்பி வீட்டு முற்றத்தில் வர்வாரா போனைத் தூரப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போல, காற்று இந்தப் பக்கம் அடித்தது.

"அக்கா!" என்று தோவாதெர் கூப்பிட்டான். "நல்லா இருக்கியாக்கா?"

வைக்கோல்வாரியைப் போட்டுவிட்டு நிமிர்ந்துவிட்டேன். வாய்கூடத் திறந்துவிட்டேன்.

"இருக்கேன்ப்பா" என்றாள் வர்வாரா.